கயிற்றை இழுக்கும் உரிமை

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திவந்த கார் தொழிற்சாலை 1982இல் இழுத்து மூடப்பட்டது. அந்நிறுவனத்தின் ஆலைகளிலேயே படுமோசமானது என்று பெயரெடுத்த இடம் அது. எந்த நாளை எடுத்தாலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வந்திருக்க மாட்டார். ஆள் பற்றாத நாட்களில் எதிரே இருந்த மதுக்கடையில் போய் ஆள் பிடித்து வந்து லைனை ஓட்டினார்கள் என்று அங்கே வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அறிவிப்பில்லாத வேலைநிறுத்தங்கள், ஆயிரக்கணக்கில் தேங்கிய புகார் மனுக்கள், பணிநேரத்திலேயே குடி. இத்தனை ஒழுங்கீனத்துக்கு நடுவிலும் ஒரே ஒரு விதியை மட்டும் எல்லோரும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினார்கள்: லைன் நிற்கக் கூடாது. கதவு பொருந்தவில்லையா, போல்ட்டு தவறியதா, வேறு மாடலுக்கான பாகம் ஏறிவிட்டதா, எதுவானாலும் வண்டி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கோளாறான கார்கள் வெளி முற்றத்தில் வரிசையாக நிற்கும். அங்கே வேறு ஆட்கள் அவற்றைப் பிரித்து மீண்டும் கோப்பார்கள். தவறு நடந்த நொடியிலேயே அதைப் பார்த்த தொழிலாளி வாயைத் திறக்காமல் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். அவர் பேசுவதை யாரும் கேட்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டு வருடம் கழித்து அதே கட்டடம் திறந்தது. இம்முறை ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாளிகள். ஆலையை நடத்தும் பொறுப்பு டொயோட்டாவுக்கு. கூட்டு நிறுவனத்துக்கு நூமி என்று பெயர். ஜப்பானியர்கள் வேறு ஊரிலிருந்து புதுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்திருந்தால் கதை சுவாரசியமற்றுப் போயிருக்கும். அவர்கள் பழைய யூனியனையே ஏற்றுக்கொண்டார்கள். வேலைக்கு எடுத்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் அதே ஆலையில் முன்பு இருந்தவர்கள். நூற்றுக்கணக்கானவர்களைத் தவணை தவணையாக ஜப்பானில் டொயோட்டாவின் தகாவோகா ஆலைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். 1984 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது. 20 சதவீதமாக இருந்த வருகையின்மை 4 சதவீதத்துக்குள் அடங்கியது. 1986 வாக்கில் உற்பத்தித்திறன் பழைய ஆலையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கார்களின் தரமோ ஜப்பானில் செய்த வண்டிகளுக்கு ஈடாக இருந்தது. ஊர் அதே ஊர், யூனியன் அதே யூனியன், கைகளும் பெரும்பாலும் அதே கைகள். மாறியது அவர்களை நடத்தியவர்களின் நடத்தை.

அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் லைனின் நெடுகிலும் தலைக்கு மேலே ஓடிய ஒரு கயிற்றைப் பார்த்தால் போதும். எந்தத் தொழிலாளியும், தன் இடத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டால், அதை இழுக்கலாம். இழுத்ததும் ஒரு மெட்டு ஒலிக்கும். மேலே தொங்கும் பலகையில் அவருடைய இடத்தின் எண் மஞ்சளாக எரியும். குழுத் தலைவர் ஓடி வருவார். வண்டி தரையில் போட்டிருக்கும் அடுத்த கோட்டைத் தொடுவதற்குள் இருவரும் சேர்ந்து சரிசெய்துவிட்டால் கயிற்றை இன்னொரு முறை இழுத்துவிடுவார்கள். லைன் நிற்காமலே போகும். முடியாவிட்டால் நிற்கும். அந்தப் பலகைக்கு ஜப்பானிய மொழியில் அண்டோன் என்று பெயர்; பழைய நாளில் காகிதம் ஒட்டிய விளக்கைக் குறித்த சொல் அது. தமிழ்க் காதுக்கு 'ஆண்டான்' என்று கேட்டாலும் கேட்கும். ஆனால், ஆண்டான்-அடிமை வழக்கத்துக்கு நேர் எதிரானது அந்த ஏற்பாடு. ஒரு நிமிடம் நின்றாலே பெரும் பணம் நஷ்டமாகும் ஒரு லைனை நிறுத்தும் அதிகாரம், முன்பு மேலதிகாரிகளே தொடத் தயங்கிய அதிகாரம், திங்கட்கிழமை வேலைக்கு வராதவர் என்று ஒதுக்கப்பட்ட ஆளின் கைக்குப் போனது. கவனிக்க வேண்டியது கயிற்றைவிட ஓடி வந்த குழுத் தலைவரை. அவர் முதலில் கேட்டது 'யார் செய்த தப்பு?' என்று அல்ல, 'என்ன ஆச்சு?' என்று.

தலைமைப் பண்புகள் என்று தலைப்பிட்ட புத்தகங்கள் நம் புத்தகக் காட்சிகளில் அடுக்கடுக்காக விற்கின்றன. தொலைநோக்கு, தன்னம்பிக்கை, பேச்சுவன்மை, முடிவெடுக்கும் துணிவு என்று பட்டியல் நீளும். அவற்றில் எதையும் வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஆனால், வேலையே மாறிக்கொண்டிருக்கும் இடத்தில் இவை அத்தனைக்கும் அடியில் இருக்க வேண்டிய திறமை ஒன்று உண்டு, அதைப் பட்டியல்கள் கடைசி வரியில் 'நல்ல கேட்புத்திறன்' என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகின்றன. கீழே இருப்பவர்களிடமிருந்து கெட்ட செய்தியைச் சீக்கிரமாகவும் கலப்படமில்லாமலும் வாங்கத் தெரிவதுதான் அது. இதை நற்குணமாக எண்ணி மெச்சுவதில் பயனில்லை. தையல்போல, நீச்சல்போல, பழகிப் பழகி வரும் கைத்திறன் இது. இது இல்லாதவரிடம் தொலைநோக்கு இருந்தால், பள்ளத்தைப் பார்க்காமல் அடிவானத்தைப் பார்த்து வண்டி ஓட்டுகிறார் என்று பொருள்.

இது ஏன் இன்றைக்கு முன்பைவிட அவசரமாகிறது? ஒரு தலைமுறைக்கு முன் வங்கிக் கிளை மேலாளர் என்றால், அவர் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பேரேடு எழுதி, காசாளராக உட்கார்ந்து, படிப்படியாக ஏறியவர். தன் கீழே இருக்கும் ஒவ்வொருவரின் வேலையும் அவருக்கு அத்துப்படி. கணக்கு எங்கே உதைக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் யாரையும் கேட்காமல் உத்தரவு போட்டாலும் பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். இன்று அந்த நாற்காலியில் இருப்பவர் தன் ஊழியர் பயன்படுத்தும் மென்பொருளை ஒருநாள்கூட இயக்கியிருக்க மாட்டார். அவர் அந்த வேலையைச் செய்த காலத்தில் வேலையே வேறாக இருந்தது. ஆஸ்பத்திரி, பத்திரிகை அலுவலகம், ஜவுளி ஏற்றுமதி, அரசு அலுவலகம், எங்கும் இதே நிலைதான். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்த இடைவெளி இன்னும் வேகமாக விரிகிறது. அனுபவம் மேலே இருக்கிறது, நடப்பு கீழே இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் படிக்கட்டில் ஏறும் கெட்ட செய்தியோ ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துக்கொண்டே போகும். 'இது ஓடாது' என்று கிளம்பியது, 'சில சிக்கல்கள் இருக்கின்றன' என்றாகி, 'சின்னச் சின்னத் திருத்தங்கள் தேவை' என்றாகி, மாடிக்கு வரும்போது 'திட்டமிட்டபடி நடக்கிறது சார்' என்று வந்து நிற்கும். வழியில் யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதை ஆராய்ச்சியாக நிறுவியவர்களில் முக்கியமானவர் ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன். 1990களில் ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராயும் குழுவில் அவர் இருந்தார். நல்ல ஒற்றுமையும் நல்ல தலைமையும் உள்ள வார்டுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கணக்கு தலைகீழாக வந்தது: சிறந்த வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. துருவிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. அங்கே நர்ஸுகள் கூடுதலாகத் தவறு செய்யவில்லை; செய்த தவறை வெளியே சொன்னார்கள். தலைமை நர்ஸ் கடுகடுப்பாக இருந்த வார்டுகளில் தவறுகள் ஏட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான். 1999இல் ஒரு தொழில் நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை, பயமின்றிப் பேசக்கூடிய குழுக்களே வேகமாகக் கற்றுக்கொள்கின்றன என்று காட்டியது. நம் அலுவலகங்களுக்கு இதில் சங்கடமான ஒரு செய்தி இருக்கிறது. புகாரே வராத பிரிவு நன்றாக நடக்கும் பிரிவு என்று நாம் பாராட்டுப் பத்திரம் கொடுக்கிறோம். அது மௌனத்துக்குக் கொடுத்த பத்திரமாகவும் இருக்கலாம்.

அப்படியானால் எல்லா இடத்திலும் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால் போதுமே என்று தோன்றும். ஜெனரல் மோட்டார்ஸுக்கும் அப்படித்தான் தோன்றியது. நூமியின் வெற்றியைப் பார்த்துவிட்டு, அதே கலிஃபோர்னியாவில் வான் நைஸ் என்ற இடத்திலிருந்த தன் இன்னொரு ஆலையில் குழுமுறையையும் கயிற்றையும் கொண்டுவந்தது. கயிறு வந்தது, அதை இழுத்தால் ஓடி வந்து உதவும் மனம் வரவில்லை. மேலாளர்களுக்குப் போனஸ் எத்தனை கார் வெளியே போனது என்பதைப் பொறுத்தே கிடைத்தது. அதனால் லைனை நிறுத்திய தொழிலாளி அவர்கள் கண்ணுக்குத் தங்கள் பாக்கெட்டில் கைவைத்தவராகத் தெரிந்தார். தொழிலாளிகளுக்கும் இது நம்மிடம் கூடுதல் வேலை வாங்கும் தந்திரம் என்ற சந்தேகம் போகவில்லை. வான் நைஸ் ஆலை 1992இல் மூடப்பட்டது. நூமியை அங்குலம் அங்குலமாகப் படம் பிடித்துக்கொண்டு போய் அப்படியே கட்டுவது என்ற யோசனைகூட அந்நிறுவனத்தில் எழுந்ததாம். படத்தில் பதியாத ஒன்றுதான் அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. கயிற்றை ஒரு நாளில் கட்டிவிடலாம். இழுத்தவனை முறைக்காமல் இருக்கப் பழகுவதற்கு வருடங்கள் ஆகும், அதுவும் மேலிருந்து தொடங்கினால்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எல்லோரையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் காரியம் எப்போது நடக்கும்? நெருக்கடியில் ஒருவர்தானே கட்டளையிட வேண்டும்? கப்பலுக்கு ஒரு மாலுமி என்பார்களே? இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க விமானி அறையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அங்கே நிமிடங்களில் உயிர் போகும். கேப்டனின் சொல்லே சட்டம். 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவின் ஓடுதளத்தில், பனிமூட்டத்தில், கே.எல்.எம். ஜம்போ விமானம் புறப்பட ஓடத் தொடங்கியது. கேப்டன் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர், அதன் விளம்பரங்களில் முகம் வந்த மனிதர். எதிரே பான் ஆம் விமானம் ஓடுதளத்தை விட்டு விலகிவிட்டதா என்று பின்னால் இருந்த ஃப்ளைட் இன்ஜினியருக்குச் சந்தேகம். வானொலியில் கேட்டதை வைத்து, இன்னும் விலகவில்லையோ என்று கேட்கவும் செய்தார். விலகியாயிற்று என்று கேப்டனிடமிருந்து அழுத்தமாகப் பதில் வந்தது. இன்ஜினியர் மறுபடி கேட்கவில்லை. சில நொடிகளில் இரண்டு ஜம்போக்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்தின் வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து இதுவரை நடக்கவில்லை. அடுத்த ஆண்டு போர்ட்லேண்டில் யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று, எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதை உடனிருந்தவர்கள் அறிந்தும் கேப்டனிடம் அழுத்திச் சொல்லாததால், ஊருக்குள் விழுந்தது. இந்த விபத்துகளுக்குப் பிறகுதான், கேப்டன்களுக்குக் கேட்கவும் துணை விமானிகளுக்குத் தைரியமாகச் சொல்லவும் பாடம் நடத்த வேண்டும் என்று நாசா 1979இல் ஒரு கருத்தரங்கு கூட்டியது. 1981இல் யுனைடெட் அந்தப் பயிற்சியைத் தொடங்கியது. பல மூத்த கேப்டன்கள் அதைக் கேலி செய்தார்கள்.

அந்தப் பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் கேப்டன் அல் ஹேன்ஸ். 1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் பறந்த அவருடைய டி.சி-10 விமானத்தின் வால்பகுதி இன்ஜின் வெடித்து, மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஒரே சமயத்தில் கழன்ற பஸ்ஸைப்போல ஆகிவிட்டது விமானம். இந்த நிலைக்குக் கையேட்டில் பாடமே கிடையாது. பயணிகளிடையே விமானப் பயிற்றுநர் ஒருவர், டென்னிஸ் ஃபிட்ச், உட்கார்ந்திருந்தார். உதவுகிறேன் என்று சொல்லி அனுப்பினார். ஹேன்ஸ் அவரை உள்ளே அழைத்து, மீதமிருந்த இரண்டு இன்ஜின்களின் விசைகளை அவர் கையில் கொடுத்துவிட்டார். விமானி அறையில் இருந்த நால்வரும் பேசிப் பேசியே, ஒரு பக்கம் விசையைக் கூட்டி மறுபக்கம் குறைத்து, சுமார் முக்கால் மணிநேரம் விமானத்தை வானில் வைத்திருந்து சூ சிட்டியின் ஓடுதளம்வரை கொண்டுவந்தார்கள். தரையிறங்கும்போது விமானம் உடைந்து எரிந்தது. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். பிறகு சிமுலேட்டரில் இதே கோளாறை வைத்துத் தேர்ந்த விமானிகள் முயன்று பார்த்தபோது, பத்திரமாக இறக்குவது நடைமுறையில் முடியாத காரியம் என்றே தெரியவந்தது. ஹேன்ஸ் பிற்காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பேசியதன் சாரம் எளிமையானது: அந்த அறையில் நால்வருக்குமாகச் சேர்த்து 103 வருட அனுபவம் இருந்தது, ஆனால் இப்படிப்பட்ட நிலையில் பறந்த அனுபவம் ஒருவருக்கும் இல்லை, அப்புறம் எனக்கு மட்டும் எப்படி மற்றவர்களைவிட அதிகம் தெரியும்? முடிவை அவர்தான் எடுத்தார். கட்டளை கடைசிவரை அவருடையதே. கேட்பதும் கட்டளையிடுவதும் எதிரெதிர் என்பது, நிதானமாக உட்கார்ந்து நாம் கற்பனை செய்துகொண்ட சிக்கல். நிஜ நெருக்கடியில் கேட்டவர்தான் சரியாகக் கட்டளையிட்டார்.

இன்னொரு மறுப்பு நம் ஊருக்கே உரியது. பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசுவது நம் பண்பாடு இல்லை, இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்பார்கள். முதலில், டெனரீஃபில் வாய் மூடிக்கொண்டவர் நெதர்லாந்துக்காரர். மேலதிகாரி முன் நாக்கு ஒட்டிக்கொள்வது தமிழனுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. அடுத்து, பண்பாடு என்றால் எதை எடுத்துக்கொள்வது? இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசன், கெடுக்கப் பகைவர் இல்லாவிட்டாலும் கெடுவான் என்ற கருத்தைத் திருக்குறள் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் வைத்திருக்கிறது. அரசனைத் திட்டுவதற்கென்றே ஆள் வைத்துக்கொள்ளச் சொன்ன மரபு இது. நாம் குறளைச் சுவரில் எழுதிவிட்டு ஜால்ராக்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டோம். நடைமுறைச் சாட்சியும் இங்கேயே இருக்கிறது. தரமேம்பாட்டுக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை இந்தியாவில் முதன்முதலில் பெற்றது சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998இல். லேத்தில் நிற்பவர் முதல் பொது மேலாளர்வரை எல்லோரும் குறையைச் சொல்லி, சரிசெய்வதில் பங்கெடுப்பதுதான் அந்தத் தரமுறையின் உயிர்நாடி. பாடியில் வேர்விட்ட ஒன்றை ஒரகடத்துக்கும் திருப்பூருக்கும் ஒத்துவராது என்று சொல்வது வெறும் சோம்பல்.

மூன்றாவது மறுப்பைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சிறு தொழில் நடத்துகிறவர்கள்; அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. இடம் கொடுத்தால் தலையில் ஏறிக்கொள்வார்கள், ஒவ்வொருவரும் தன் சம்பளப் பிரச்சினையையும் பக்கத்து ஆள் மேலுள்ள கடுப்பையும் கொண்டுவந்து கொட்டுவார்கள் என்கிறார்கள். கொட்டத்தான் செய்வார்கள், தொடக்கத்தில். பல வருடம் அடைத்துக்கிடந்த குழாயைத் திறந்தால் முதலில் செந்நீர்தான் வரும். அது தெளிவதற்கு முதலாளி ஒரு விலை கொடுக்க வேண்டும் என்பதைத்தான் மேலாண்மை வகுப்புகளில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 1980களின் இறுதியில் நூமியின் கார் விற்பனை படுத்து, ஆலையின் கொள்திறனில் கணிசமான பகுதி வீணாகிக் கிடந்தது. பழைய நிர்வாகமாக இருந்தால் மறுவாரமே லே-ஆஃப் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். நூமி ஒருவரைக்கூட வீட்டுக்கு அனுப்பவில்லை. உபரி ஆட்களைப் பயிற்சிக்கும் ஆலையைச் செப்பனிடும் வேலைக்கும் போட்டது. எளிதில் ஆட்குறைப்பு செய்வதில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதிய வாக்கு காசு விஷயத்தில் காப்பாற்றப்படுகிறது என்று கண்ட பிறகுதான் கயிறு உண்மையில் தொழிலாளிகளின் கயிறானது. அதிகாரிகளுக்குத் தனிக் கேன்டீன், தனிப் பார்க்கிங் என்று எதுவும் இல்லாததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே எந்தச் செலவும் வைக்காமல் கீழே மட்டும் வெளிப்படைத்தன்மையை எதிர்பார்ப்பவர், இலவசமாக உளவு கேட்கிறார்.

இந்தத் திறமை ஒருமுறை வந்தால் நிலைத்துவிடும் என்று நம்பவும் வேண்டாம். டொயோட்டாவே 2009-10இல் பல லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. 2010 பிப்ரவரியில் அதன் தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து, தாங்கள் அளவுக்கு மீறிய வேகத்தில் வளர்ந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு ஏப்ரலில் நூமியும் மூடப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகிக் கூட்டிலிருந்து விலகியதே அதற்கு உடனடிக் காரணம் என்றாலும், நல்ல தலைமை இருந்தால் ஆலை என்றென்றும் ஓடும் என்ற வாக்குறுதியை யாரும் தர முடியாது. தர முடிவது இவ்வளவுதான்: கோளாறு சிறிதாக இருக்கும்போதே தெரியவரும்.

இன்று நம் அலுவலகங்களில் இந்த நிலவரத்தை அளக்கச் செல்பேசியே போதும். மேலாளர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் 'ஓகே சார்', 'நோட்டட் சார்', கும்பிடும் கைகள். அவர் இல்லாத இன்னொரு குழுவில்தான் அந்தப் புதிய மென்பொருள் ஏன் மூன்று நாளில் படுத்துவிடும் என்ற தெளிவான விளக்கம் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு குழுக்களுக்கும் இடையே உள்ள தூரம்தான் அந்த மேலாளரின் தலைமைக்கு மதிப்பெண். அதைக் குறைக்கும் வழிகள் ஒன்றும் பரம ரகசியம் இல்லை. கெட்ட செய்தி கொண்டுவந்தவரிடம் முதல் அரை நிமிடத்தில் முகம் எப்படிப் போகிறது என்பதில் பாதிக் காரியம் முடிந்துவிடும். அதைத் துறையே மறுநாள் டீக்கடையில் நடித்துக் காட்டும். 'ஏதாவது சந்தேகம் இருக்கா?' என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை, 'இதில் எது முதலில் உடையும்?' என்று கேட்டால் திறக்கிறார்கள். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சபையில் சொல்லும் அதிகாரிக்கு மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்னவருக்குப் பதில் போக வேண்டும். ஏற்க முடியாது என்ற பதிலாக இருந்தாலும் காரணத்தோடு போக வேண்டும். அந்தப் பதில் வராத இடத்தில் இரண்டாவது முறை யாரும் பேசுவதில்லை.

பெரும்பாலான நிறுவனங்களில் வரவேற்பறைச் சுவரிலோ மாடிப்படி மூலையிலோ ஆலோசனைப் பெட்டி என்று எழுதிய ஒரு தகரப் பெட்டி தொங்கும். உங்கள் அலுவலகத்திலும் இருக்கும். நாளை போனதும் அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.